செம்மண் தரைக்கு ஒரு நாய் வண்டி

நாய் இழுக்கும் வண்டிக்குச் சட்டம் கட்டி முடித்தாயிற்று. ஆணி ஒன்றுகூட இல்லை. மூட்டு எல்லாம் நைலான் கயிறுதான்.

அலாஸ்கா, கிரீன்லாந்துப் பக்கத்தில் பனியில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்கு ஸ்லெட் என்று பெயர். பழைய ஸ்லெட்களின் சட்டங்களைத் தோல்வாரால் பிணைத்திருப்பார்கள். ஒரு பக்கம் கல்லில் ஏறும்போது சட்டம் சற்றே முறுக்கிக்கொடுக்கும், அதனால் மறுபக்கம் தரையை விடாது. காரைக்குடியைத் தாண்டினால் ஒரே மைலுக்குள் சரளை, உழுத புஞ்சை, கண்மாய் மணல் எல்லாம் வந்துவிடும். இங்கே அந்த நெகிழ்வு இன்னும் அதிகம் தேவை. அலாஸ்காவில் ஆஷ், பிர்ச் மரங்களை எடுப்பார்கள். நான் ஆறடி நீளத்தில் இரண்டு பூவரசங்கட்டையும், கைப்பிடி வளைவுக்கு அனலில் வாட்டிய தடித்த பிரம்பும் எடுத்தேன்.

கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தவர் மாட்டுவண்டி வேலை பார்த்த ஆசாரி ஒருவர். மூட்டைச் சுற்றி நாலு சுற்று, அப்புறம் இரண்டு கட்டைக்கும் நடுவே அந்தச் சுற்றுகளின் மேலேயே குறுக்காக இரண்டு சுற்று. அந்தக் கடைசி இரண்டை இழுக்கும்போது முழுக் கட்டும் கிண்ணென்று இறுகுவது விரலுக்கே தெரியும். "போல்ட் போட்டா இன்னும் உறுதியா இருக்காதாண்ணே?" என்று கேட்டேன். "கட்டு தளர்ந்தா திரும்பக் கட்டிக்கலாம் தம்பி. துளை பெரிசாகிக் கட்டை பிளந்தா என்ன செய்வே?" என்றார்.

சறுக்குக்கட்டையின் அடியில் ஹெச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் அறுத்து, சூடு காட்டித் தட்டையாக்கிப் பொருத்தினேன். திருகாணித் தலைகள் பிளாஸ்டிக்குக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். துருத்தினால் தரையைப் பிராண்டும். பனி ஈரமுள்ள புல்லிலும் கண்மாயின் ஈர வண்டலிலும் இது அழகாக வழுக்குகிறது. காய்ந்த மணலிலும் சரளையிலும் வேலைக்கு ஆகாது. அங்கே குறுக்கே ஓர் இரும்பு அச்சைச் செருகி, சக்கரம் மாட்டிக் கடையாணி போட்டுவிடுகிறேன். அகலமான டயர்தான் சரி. மணலில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் புதைவது வெகுவாகக் குறைகிறது.

இழுப்பது செவலை, என் கோம்பை இன நாய். நன்கு வளர்ந்த நாய்தான். எலும்பு முதிராத குட்டியை இதில் கட்டவே கூடாது. பாரம் மார்பெலும்பிலும் தோளிலும் விழும்படி பட்டை தைத்திருக்கிறேன், கழுத்தில் எதுவும் அழுத்தாது. இழுவைக் கயிற்றின் நடுவே பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு. கிளம்பும்போது வரும் வெட்டு இழுப்பை அது வாங்கிக்கொள்கிறது.

வெயில்தான் இங்கே பெரிய விஷயம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஐரோப்பாவில் பனியில்லாத தரையில் நடக்கும் நாய் வண்டிப் பந்தயங்களையே குளிர்ந்த மாதங்களில்தான் வைக்கிறார்கள். அதனால் நான் மார்கழி, தையில் விடிவதற்கு முன்புதான் வண்டியை எடுப்பேன். தூரமும் கொஞ்சம்தான். வண்டி வெறுமையாக இருக்கும், நானும் பின்னால் ஒற்றைக் காலால் உந்திக்கொடுப்பேன். நாக்கு அகலமாகத் தொங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்; பட்டையை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு வண்டியை நானே இழுத்து வருவேன்.

பிரேக் இன்னும் பாக்கி. ஸ்லெட்டில் பனியைக் குத்திப் பிடிக்கும் இரும்புக் கொக்கி இருக்கும். சரளையில் அது துள்ளும். மிதித்தால் தரையில் உரசுகிற மாதிரி லாரி டயர்த் துண்டு ஒன்றைப் பின்னால் தொங்கவிடப் போகிறேன். சக்கரத்துக்குத் தனியாக சைக்கிள் டிஸ்க் பிரேக். அவை இரண்டும் நன்றாகப் பிடிக்கும்வரை சரிவான கண்மாய்க்கரைப் பக்கம் வண்டியைக் கொண்டுபோவதாக இல்லை.