ஈலானில் சௌராஷ்டிரம்: ஏழு வாரம் ஆகிறது

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் பாட்டிக்குப் பூர்வீகம் மதுரை. வீட்டுமொழி சௌராஷ்டிரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2,47,702 பேர். ஆனாலும் கணக்கெடுப்பின் மொழி அட்டவணையில் குஜராத்திக்குக் கீழே ஒரு வரியாகத்தான் வருகிறது. பல நூற்றாண்டாகத் தெற்கிலேயே வளர்ந்து, தெலுங்கையும் தமிழையும் உள்வாங்கிய மொழி அது. எனக்கு அது பொறுக்கவில்லை. பாட்டி பேசுவதையாவது ஒழுங்காகப் பதிந்து வைப்போம் என்று ஆரம்பித்தேன்.

போனில் எடுத்த முதல் பதிவுகள் வீண். ஒலியை அது சுருக்கிவிடுகிறது. இப்போது ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, 48,000 ஹெர்ட்ஸில் எடுக்கிறேன். மத்தியானம் இரண்டரைக்கு மேல், யாரும் மோட்டார் போடாத நேரமாகப் பார்த்து, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருவோம். கன்டெய்னர் லாரி ஹார்ன் அடித்தால் பாட்டியே நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

எழுதி அடுக்குவதற்கு ஈலான். நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மேக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் இலவசமாகத் தரும் மென்பொருள். ஒலி அலை மேலே ஓடும். கீழே அடுக்கடுக்காக எழுதலாம். முதல் அடுக்கில் பாட்டி சொன்னது, அடுத்ததில் தமிழ் அர்த்தம், மூன்றாவதில் என் குறிப்பு. நான் தமிழ் அடுக்கைத் தனி அடுக்காகப் போட்டுவிட்டேன். மேலே ஒரு வாக்கியத்தின் எல்லையைக் கொஞ்சம் தள்ளினால் கீழே அர்த்தம் அங்கேயே நின்றுவிட்டது. நான்கு நிமிடப் பதிவுக்கு ஐந்து ராத்திரி உழைத்தது கலைந்துபோனது. அர்த்த அடுக்கு முதல் அடுக்குக்குப் பிள்ளையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கூடவே நகரும். தொடங்குகிறவர்கள் ஒரு வரி எழுதும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு எழுத்தில். சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்து உண்டு, 2008-இல் யூனிகோடிலும் சேர்ந்துவிட்டது. பாட்டிக்கு அது படிக்க வராது, எனக்கும் வராது. அதனால் தமிழ் எழுத்திலேயே எழுதினேன். வீட்டுக்கு அவர்கள் சொல்லும் சொல்லை 'கெர்' என்று எழுதி, வாசித்துக் காட்டினேன். பாட்டி கையை மார்பில் வைத்து, "அது இல்ல தம்பி, இங்கேர்ந்து வரணும்" என்று மூச்சோடு சொல்லிக் காட்டினார். ஒலியைப் படமாகக் காட்டும் பிராட் மென்பொருளில் அதே சொல்லைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். க வெடித்த பிறகு, உயிரெழுத்து தெளிவதற்குள், காற்று கலந்த ஒரு சாம்பல் பட்டை. அவர் கை வைத்துக் காட்டியது திரையில் இருந்தது! தமிழில் க ஒன்றுதான்; அதில் நான்கு ஒலியை அடைத்து வைத்திருந்தேன். சமஸ்கிருத சுலோகப் புத்தகங்களில் போடுவது போல மேலே சிறு எண் போட்டு, நான்கில் எந்த ஒலி என்று காட்டி எழுதும் வழக்கம் சௌராஷ்டிரத்துக்கும் உண்டு. இப்போது 'கெ⁴ர்'. இரண்டு என்ற எண்ணுக்கான சொல் 'தி³'. பழைய வரிகள் அத்தனையையும் மறுபடி கேட்டுத் திருத்தினேன். தேடும்போது க, க⁴ தனித்தனியாகக் கிடைக்கின்றன.

போன வாரம் பாட்டி ஒரு சொத்துத் தகராறைச் சொல்லிவிட்டு, "அத எடுத்துருப்பா" என்றார். வெட்டி எடுத்தால் அதற்குப் பிறகு வரும் நேரக்குறிகள் எல்லாம் பிசகும். ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் அந்த நாற்பது வினாடியை மட்டும் நிசப்தமாக்கினேன். ஈலானில் அந்த வரிகளையும் அழித்தேன். அசல் கோப்பையும் பாட்டி பார்க்கவே நீக்கினேன். அவர் குரல், அவர் சொல்தான் முடிவு.

இதுவரை பதிந்தது 52 நிமிடம், எழுதி முடித்தது 11. பாவு, ஊடை என்று தறிச் சொற்களுக்கு மட்டும் ஒரு தனிப் பதிவு வைத்திருக்கிறேன். பாட்டியின் பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். கேட்டால் புரியும், பேச வராது. நேற்று பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். நான் ஒரே சொல்லாக எழுதியிருந்ததை இரண்டு சொல் என்றாள். பாட்டியைக் கேட்டோம், அவள் சொன்னதுதான் சரி. தமிழ் அடுக்கை இனி அவளே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.