பைக்கில் போயிருந்தால் தப்பியிருப்பேன்

திருகோணமலை மத்திய வீதியில் பதினைந்து வருடமாகச் சாமான் வாங்குகிறேன். ஒருநாளும் பைக்கை விட்டு இறங்கியதில்லை. கடை வாசலில் ஒரு காலை ஊன்றி, "தம்பி, அரைக் கிலோ சின்ன வெங்காயம்" என்று குரல் கொடுத்தால் சொப்பிங் பை வந்து ஹாண்டிலில் தொங்கும். பின்னால் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தால் அது அவர் பாடு.

போன கிழமை போனால் வீதி முனையில் ஒரு தார்ப் பீப்பா, அதன்மேல் குறுக்காக ஒரு மூங்கில். வடிகான் வெட்டுகிறார்களாம், வாகனம் உள்ளே போகாது.

எனக்கு எரிச்சல். டென்மார்க்கிலிருந்து லீவில் வந்திருந்த மச்சானுக்கோ பரம சந்தோசம். கோப்பன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் என்று ஒரு கடைத்தெருவாம், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். 1962 இல் பரீட்சார்த்தமாக வாகனம் உள்ளே வருவதைத் தடுத்தபோது வியாபாரம் படுத்துவிடும், இந்தக் குளிருக்குள் யார் வீதியில் உலாவுவான் என்று குதித்தார்களாம். 1964 இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்களாம்.

கேட்டுக்கொண்டு நின்ற வெங்காயக் கடை முதலாளி, "அது குளிர் நாடு தம்பி. இந்த வெயிலுக்குள்ள ஆர் நடப்பான்?" என்றார்.

நடந்தது மான்கள். கோட்டைப் பக்கமிருந்து வந்த இரண்டு, ஹோர்ன் சத்தம் இல்லாத தைரியத்தில் நடுவீதியில் உலா வந்தன. ஒன்று கீரைக்கார அக்காவின் பொன்னாங்காணிக் கட்டை இழுத்து, கட்டியிருந்த நாரோடு சேர்த்து மென்றது. அக்கா விளக்குமாற்றை ஓங்கினார். அது நகர்ந்த தூரம் ஒரு முழம்.

பிளேன்ரீக் கடைக்காரர் வாங்கை வீதிக்கே இழுத்துப் போட்டிருந்தார். பத்து மணிக்கே வடை முடிந்துவிட்டது. 25 கிலோ அரிசி மூடை வாங்கிய ஐயாதான் பாவம், தள்ளுவண்டிக்காரருடன் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "இதுக்கு உங்கட ஸ்ட்ரோயெட்டில என்ன வழி?" என்று மச்சானைக் கேட்டேன். லொறிகளைக் காலையில் விடுவார்களாம். ஐயாவிடம் லொறி ஏது?

அப்போதுதான் எதிரே சீட்டு மாமி வருவதைக் கண்டேன். இரண்டு மாதச் சீட்டுக்காசு பாக்கி. பைக்கில் போகும்போது அவரை எத்தனையோ தரம் தாண்டியிருக்கிறேன், ஹெல்மெட் போட்டவனிடம் யார் கடன் கேட்பது? அந்தப் பழக்கத்தில், கையில் தூக்கிக்கொண்டு வந்த ஹெல்மெட்டை டக்கென்று தலையில் மாட்டிவிட்டேன்.

வாகனமே இல்லாத வீதியில் ஹெல்மெட்டோடு நடக்கிறவன் நான் ஒருவன்தான் என்பது நாலு எட்டு வைத்த பிறகே உறைத்தது. வீதியே பார்த்தது. மான்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

மாமி நேரே வந்து கண்ணாடியில் விரலால் தட்டினார்.

"என்ன தம்பி, மான் முட்டும் எண்டே போட்டிருக்கிறியள்?"

வெங்காயத்துக்கு மச்சான்தான் காசு கொடுத்தார்.