நாலு மணி டீக்கு ஒரு பிஸ்கட்

ஜூன் 2

என் நோய்க்கு சீலியாக் என்று பெயர் தெரிந்து நாலு மாதம் ஆகிறது. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுத்து, இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாத நோய். அதற்கு முன் இரண்டு வருஷம் இரும்புச்சத்து மாத்திரையாக விழுங்கினேன். ஹீமோகுளோபின் 8ஐத் தாண்டவில்லை. "அதெல்லாம் சப்பாத்தி சாப்பிடுற வடக்கத்திக்காரங்களுக்கு வர்றதும்மா" என்றார் ஒரு டாக்டர். மூலைக்கு மூலை பரோட்டாக் கல் தட்டுகிற மதுரையில் உட்கார்ந்துகொண்டு! கடைசியில் டிடிஜி ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்கும் உண்மையைச் சொல்லின. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் இனி ஆயுசுக்கும் கிடையாது.

இட்லி தோசை இருக்கிற வீட்டில் இது பெரிய தண்டனை இல்லைதான். ஆனால் நாலு மணி டீக்கு வெண்ணெய் பிஸ்கட் வேண்டுமே. கடையில் குளூட்டன் இல்லாதது கிடைக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 5

முதல் முயற்சி. மைதா இருந்த இடத்தில் அதே அளவு அரிசி மாவு. ஓடிஜி என்கிற சின்ன கரண்ட் அடுப்பில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தட்டிலிருந்து எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. அத்தை ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்து, "நெத்தியில பூசிக்கலாம்" என்றார்.

மாவைப் பிடித்து வைக்கிற பசையே குளூட்டன்தான். அதை எடுத்துவிட்டால் வேறு ஏதாவது பிடிக்க வேண்டும்.

ஜூன் 9

அந்த வேறு ஏதாவது வீட்டிலேயே இருந்தது: மாமா மலச்சிக்கலுக்குக் குடிக்கிற இசப்கோல். தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று ஊறிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கேழ்வரகு மாவையும் சேர்த்தேன். உடையவில்லை! சூட்டோடு சூடாக நாலு தின்றேன்.

ஜூன் 11

நேற்று ராத்திரியிலிருந்து வயிறு உப்பி, ஐந்து தடவை போயாயிற்று. எழுந்து நிற்கத் தெம்பில்லை.

அக்காவிடம் கேட்டேன். கேழ்வரகை மில்லில் அரைத்தாராம். கோதுமைக்கும் அதே மிஷின்தான். முன்னால் அரைத்தவர்களுடைய மாவு கொஞ்சம் நம் மாவோடு வரும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்ட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மில் மாவில் எத்தனை கிராம் இருந்ததோ!

"அதான் அவ்வளவு சூட்டுல வேகுதே, எல்லாம் செத்துப் போகாதா?" என்றார் அத்தை.

"சாகறதுக்கு அது கிருமியா அத்தை? புரதம்."

ஜூன் 13

ஆத்திரத்தில் அடுக்களையையே தலைகீழாக்கினேன். மைதா சலித்த பழைய சல்லடையின் கண்ணிகளில் வெள்ளையாக ஒட்டியிருந்தது, தூக்கிப் போட்டேன். சப்பாத்திக் கட்டையும் பலகையும் அத்தையின் அலமாரிக்குப் போயின.

அப்புறம் பெருங்காயம். டப்பாவின் பொடி எழுத்தை முதல் தடவையாகப் படித்தேன்: கோதுமை மாவு. நாலு மாதமாக சாம்பாரிலும் ரசத்திலும் போட்டுத் தின்றிருக்கிறேன். எனக்குக் கொடுத்த பட்டியலில் பிரெட், கேக், நூடுல்ஸ் எல்லாம் இருந்தன, பெருங்காயம் இல்லை. பட்டியல் போட்டவர் ரசம் வைத்ததே இல்லை போலிருக்கிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயம் தேடி வாங்கினேன். பேக்கிங் பவுடரிலும் சோள மாவுதானா என்று பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 16

இன்று எல்லாம் என் கையால். அதிரசத்துக்குச் செய்வது போலப் பச்சரிசியைக் கழுவினேன். ஆனால் ஈரமாக அரைக்காமல் நன்றாக உலரவிட்டு, மிக்ஸியில் அரைத்து இரண்டு தடவை சலித்தேன். கேழ்வரகும் அப்படியே.

அரிசி மாவு 100 கிராம், கேழ்வரகு மாவு 60, வெண்ணெய் 100, நாட்டுச் சர்க்கரை 80. இசப்கோல் ஒரு டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை, உப்பு சிட்டிகை, ஏலக்காய். பிசைய இரண்டு மேசைக்கரண்டி பால்.

பிசைந்ததை ஃப்ரிட்ஜில் முக்கால் மணி நேரம் வைத்ததுதான் இந்தத் தடவை செய்த பெரிய மாற்றம். அரிசி மாவு ஊறாவிட்டால் பல்லில் மணல் மாதிரி நறநறக்கிறது. 170 டிகிரியில் 14 நிமிஷம். வெளியே எடுத்தபோது விரல் வைத்தால் குழிந்தது. வேகவில்லையோ என்று திரும்ப உள்ளே தள்ளக் கை பரபரத்தது, பொறுத்துக்கொண்டேன். தட்டிலேயே கால் மணி நேரம் ஆறியபின் தட்டினால் டக்கென்று சத்தம்.

ஜூன் 18

இரண்டு நாள் ஆகிறது. வயிறு சும்மா இருக்கிறது.

நாலு மணிக்கு மாமா டம்ளரில் பிஸ்கட்டை முக்கி, பேப்பர் படித்தபடி மறந்துவிட்டார். எடுத்தபோது பாதிதான் கையில் இருந்தது. மீதியைக் கரண்டியால் துழாவிக்கொண்டே, "அந்த இசப்கோலை இன்னும் கால் ஸ்பூன் கூட்டிப் போடும்மா" என்றார்.