ஹெச்.டி. 104985: நிறையைத் தவிர எல்லாம் சுலபம்

சப்தரிஷி மண்டலத்தில் நாற்கரமும் வாலும் சேரும் இடத்தில், ஏழு பேரிலும் மங்கலாக இருப்பவர் அத்திரி. அங்கிருந்து துருவ நட்சத்திரத்துக்கு ஒரு கோடு போட்டு, ஐந்தில் மூன்று பங்கு தூரம் போனால் ஒட்டகச்சிவிங்கி விண்மீன் குழுவில் ஹெச்.டி. 104985 என்ற இந்த மஞ்சள் ராட்சசன் (முதுமையில் ஊதிப் பெருத்த விண்மீன்) வரும். பொலிவெண் (எண் கூடக் கூட மங்கல்) 5.8. ஏப்ரல் கடைசி, மே மாத முன்னிரவு நல்ல நேரம். ஆனால் சென்னையில் இது வடக்கே 26 பாகைக்கு மேல் ஏறாது. அவ்வளவு தாழ்வில் காற்றே பாதி ஒளியைத் தின்றுவிடும் என்பதால் வெறுங்கண்ணை நம்ப வேண்டாம், 7×50 பைனாகுலர் எடுங்கள்.

பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் அளவான இடமாறு கோணம் இதற்கு ஏறக்குறைய 0.01 வில்விநாடி. அதாவது 100 பார்செக், சுமார் 325 ஒளியாண்டு. அந்தத் தூரத்துக்கு 5.8-லிருந்து 5-ஐக் கழித்தால் தனிப் பொலிவெண் (எல்லா விண்மீனையும் 10 பார்செக் தூரத்தில் வைத்தால் தெரியும் பொலிவு) 0.8. சூரியனுக்கு 4.8. நான்கு எண் வித்தியாசம் என்றால் 40 மடங்கு ஒளி. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அது தப்பு. கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டும்தான் அந்த 40. இதன் மேற்பரப்பு சுமார் 4,800 கெல்வின், சூரியன் 5,772. குளிர்ந்த விண்மீன் அகச்சிவப்பில் கூடுதலாகக் கொட்டும்; அதைச் சேர்த்தால் 50 மடங்கைத் தாண்டும். அதன் வர்க்கமூலம் 7.2. வெப்பநிலை விகிதத்தின் வர்க்கம் 1.45. இரண்டையும் பெருக்க, ஆரம் சூரியனைப் போல 10 மடங்குக்குச் சற்று மேல். வெப்பநிலையில் 100 கெல்வின் தவறினால் ஆரம் 4 சதவீதம் நகரும், அவ்வளவுதான்.

தகராறு நிறையில்தான். ராட்சச நிலைக்கு வந்தபின், வெவ்வேறு நிறையில் பிறந்தவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலை, ஒரே ஒளிர்வில் வந்து குவிகின்றன. ஒவ்வொரு நிறைக்கும் வயதோடு வெப்பநிலையும் ஒளிர்வும் எப்படி மாறும் என்று காட்டும் பரிணாமக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் எது எவருடையது என்று பிரிப்பது கடினம். இதற்கு முதலில் சொன்ன நிறை 1.6 சூரியன், பிறகு சொன்னது 2.3. (1.6 என்றே வைத்தாலும் சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றைப் போல இரு மடங்குகூட வராது. அப்படி ஊதிப்போன உடம்பு.)

இந்தச் சந்தேகம் கோளையும் பிடிக்கிறது. 2003-இல் ஜப்பானின் ஒகயாமா ஆய்வகத்தில், 188 செ.மீ. தொலைநோக்கியில் இதைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்தார்கள். விண்மீனின் ஒளியை அயோடின் ஆவி நிரம்பிய குப்பி வழியே அனுப்பினால் நிறமாலையில் ஆயிரக்கணக்கான நுண்கோடுகள் அளவுகோல்போல் பதியும்; விண்மீனின் கோடுகள் எவ்வளவு நகர்கின்றன என்பதை அதை வைத்து அளக்கலாம். 198 நாளுக்கு ஒருமுறை, நொடிக்கு 161 மீட்டர் வீச்சில் கோள் இழுப்பதால் விண்மீனுக்கு ஆட்டம். மஞ்சள் ராட்சசர்களின் மேற்பரப்பே நொடிக்குச் சில மீட்டர் முதல் 20 மீட்டர் வரை துடிக்கும் என்பதால் இதைவிடச் சிறிய ஆட்டத்தை நம்ப நிறைய இரவுகள் வேண்டும். 161-க்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் கோளின் குறைந்தபட்ச நிறை விண்மீனின் நிறையைப் பொறுத்தது. 1.6 என்றால் 6.3 வியாழன்; 2.3 என்றால் ஏறத்தாழ 8. சுற்றுப்பாதையும் 0.78 வானியல் அலகிலிருந்து (ஓர் அலகு பூமி-சூரியன் தூரம்) 0.88-க்குத் தள்ளிப்போகிறது. ஒரே அளவீடு, இரண்டு விடை. ஆகவே எந்தப் பட்டியலிலிருந்து கோளின் நிறையை எடுத்தாலும், விண்மீனின் நிறையையும் அதே பட்டியலிலிருந்தே எடுங்கள்.

2015-இல் விண்மீனுக்குச் சூட்டிய பெயர் டொனாட்டியு, அஸ்டெக் மக்களின் சூரியக் கடவுள். கோளுக்கு நிலாக் கடவுளின் பெயர், மெஸ்ட்லி.