எப்போதும் என்ற சொல்

"இனிமே இதெல்லாம் எப்பவும் சுவரிலதான் இருக்கும், இல்லையா தம்பி?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். "இருக்கும் சார்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவான காலத்திலிருந்து சென்னை ஓவியர்களின் கோட்டோவியங்களையும் நீர்வண்ண ஓவியங்களையும் தவணையில் பணம் கொடுத்து வாங்கிச் சேர்த்தவர் அவர். அவற்றை எங்கள் காட்சியகத்துக்கு எடுத்துச்செல்ல அவர் வீட்டில் கட்டிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் மாட்டியிருந்த நீர்வண்ண ஓவியம் ஒன்றைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைக்கு அடியில் இருந்த விரல் அகல ஓரம் மட்டும் அடர்நீலமாக இருந்தது; மற்ற வானமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. "இவ்வளவு நீலமாவா இருந்துச்சு?" என்றவர், அதன் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

காகிதத்தில் வரைந்ததை 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சத்தில் வைப்பதில்லை என்பதும், அப்படி வைத்தாலும் சில மாதங்களில் இறக்கி இருட்டில் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதும், ஒருமுறை வெளுத்த நிறம் திரும்பாது என்பதும் எனக்கு அன்றாட வேலை. உண்மையைச் சொல்வதற்கான சான்று என் கையிலேயே இருந்தது. காட்சிக்கு வைக்கும் முறையைக் காட்சியகமே முடிவு செய்யும் என்று கொடைப் பத்திரத்தில் எழுதியிருந்தது, அவரும் படித்துத்தான் கையெழுத்திட்டார் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர் பத்திரத்தைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

ஸ்காட்லாந்துக் கப்பல் வணிகர் வில்லியம் பரெல் 1944இல் கிளாஸ்கோ நகரத்துக்குத் தம் சேகரிப்பைக் கொடுத்தபோது, நகரப் புகை அதிலிருந்த சித்திரம் நெய்த திரைச்சீலைகளைக் கெடுக்கும் என்று அஞ்சி, ஊருக்கு வெகு தொலைவில்தான் கட்டடம் அமைய வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அது திறக்கப்பட்ட 1983இல் அவர் இல்லை. வெளிநாட்டுக்கு இரவல் கொடுக்கக் கூடாது என்ற அவருடைய தடையும் 2014இல் சட்டம் இயற்றித் தளர்த்தப்பட்டது. எழுதி வைத்த நிபந்தனைக்கே அந்தக் கதி என்றால் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்று சில நாள் தோன்றும். வாய்ச்சொல்லை நம்புகிறவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்று சில நாள் தோன்றும்.

ஐந்து மாதம் கழித்துப் பெரியவர் காட்சியகத்துக்கு வந்தார். சுவரில் அவருடைய நீர்வண்ண ஓவியம் இருந்த இடத்தில் வேறொரு படம் இருந்தது. பாதுகாப்பறைக்கு அழைத்துச் சென்று, இழுப்பறையைத் திறந்து, மேலே போர்த்தியிருந்த மெல்லிய தாளை விலக்கினேன். அவர் அந்த நீல ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள், "மூடிடுங்க தம்பி, வெளிச்சம் படுது" என்றார். ஓவியத்துக்காகச் சொன்னாரா, என் சங்கடத்துக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. தாளை இழுத்து மூடினேன்.