ரொட்டிக்கடை வரிசை

மகளுக்கு நாளை வரலாற்றுத் தேர்வு. ‘ரஷ்யப் புரட்சிக்கான காரணங்கள்’ என்று பத்து பாயிண்ட் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். போர், பஞ்சம், ஜார் மன்னரின் எதேச்சதிகாரம், அரண்மனையில் செல்வாக்கோடிருந்த சாமியார் ரஸ்புடின்... எல்லாம் சரிதான். ஆனால் அதில் ரொட்டிக்கடை வரிசையைக் காணோம்.

1917 பிப்ரவரி, அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராட். எலும்பு வரைக்கும் இறங்குகிற குளிர். பெண்கள் மணிக்கணக்கில் நின்று, கடைசியில் ‘தீர்ந்துபோச்சு’ என்பதைக் கேட்டுவிட்டு ஆலைக்குப் போனார்கள். வீட்டு ஆண்களில் பலர் போர்முனையில்.

ரஷ்யாவின் பழைய காலண்டர்படி 23ஆம் தேதி (நம் காலண்டரில் மார்ச் 8), மகளிர் தினம். வைபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, பக்கத்து ஆலை ஆண்களையும் தெருவுக்குக் கூப்பிட்டார்கள். (லெனின் கட்சியான போல்ஷ்விக்கின் உள்ளூர்த் தோழர்கள் முந்தைய நாள்தான் ‘இப்போது ஸ்டிரைக் வேண்டாம்’ என்றிருந்தார்கள்!) நான்கே நாளில், சுடச் சொல்லி அனுப்பிய சிப்பாய்களே கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார்கள்.

ஜார் அப்போது மொகிலெவ் ராணுவத் தலைமையகத்தில் இருந்தார். டூமா என்ற நாடாளுமன்றத்தின் தலைவர் ரோட்ஜியான்கோவின் அவசரத் தந்திக்குப் பதில்கூடப் போடவில்லை மனிதர். அப்புறம் அதே பழைய காலண்டரில் மார்ச் 2, பிஸ்கோவ் ஸ்டேஷனில் நின்ற ரயில் பெட்டிக்குள், டைப் அடித்த முடிதுறப்புக் காகிதத்தில் கையெழுத்து. அதுவும் பென்சிலால்.

“பென்சிலாலயாப்பா?” என்று அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.