வலப்பக்கம் முதல்

ஜெர்மனிக்கு மறைப்பணிக்குப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்டது, "குளிர் தாங்குவீங்களா ஃபாதர்?" என்றுதான். குளிருக்கு ஒரு ஜாக்கெட் போதும். என்னைப் பாடாய்ப் படுத்தியது டிரைவிங் லைசென்ஸ்.

நான் வந்து சேர்ந்தது கிழக்கு ஜெர்மனியில், மாக்டெபுர்க் மறைமாவட்டத்தில். இங்கே கத்தோலிக்கர் நூற்றுக்கு 3 பேர் அளவுதான். புரொட்டஸ்டன்ட்களைச் சேர்த்துக்கொண்டாலும் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எந்தச் சபையிலும் இல்லை. இத்தனைக்கும் புரொட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் பிறந்ததும் இறந்ததும் என் பங்கை, அதாவது என் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரத்தை, ஒட்டிய அய்ஸ்லெபனில். பழைய செம்புச் சுரங்கக் கழிவு மலை மலையாகக் குவிந்து கிடக்கும் ஊர்கள். ஞாயிறு வந்தால் மூன்று ஊரில் பூசை, ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அன்றைக்குப் பேருந்தை நம்பிக் கிளம்ப முடியாது. கார் ஓட்டாத குருவானவர் அங்கே பாதிக் குருவானவர்தான்.

நம் ஊர் லைசென்ஸ், குடியேறியதிலிருந்து 6 மாதம்தான் செல்லும். அப்புறம் கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு, எழுத்துத் தேர்வு, ரோட்டுத் தேர்வு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலும் எழுதலாம் என்றார்கள். சென்னையில் ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை வரை படித்த திமிரில் ஜெர்மனிலேயே எழுதுகிறேன் என்றேன். 30 கேள்வி, பிழைப்புள்ளி 10-ஐத் தாண்டினால் போச்சு. பதினேழு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்தேன். பக்கத்து ஹாலேயில் படித்துவிட்டு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய புரொட்டஸ்டன்ட் மறைப்பணியாளர் சீகன்பால்கும் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகியவர்தான். அவருக்கு அ, ஆ. எனக்கு 'வலப்பக்கம் முதல்': பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்புறம் வருகிறவருக்கு வழிவிட வேண்டும். ஹாரன் அடித்தே முந்திப் பழகிய எனக்கு அது எளிதில் ஏறவில்லை.

கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஐம்பதைத் தாண்டியவர், சுரங்கத் தொழிலாளியின் மகன். இரண்டாம் நாள் கேட்டேன், "நீங்கள் புரொட்டஸ்டன்டா, கத்தோலிக்கரா?"

"இரண்டும் இல்லை. நான் நார்மல்."

கேலியாகச் சொல்லவில்லை. காய்ச்சல் இல்லை என்பதுபோல் சொன்னார். பிறகு வேறு பலர் வாயிலும் அதே வார்த்தையைக் கேட்டேன். நாத்திகரோடு எப்படி வாதிடுவது என்று குருமடத்தில் படித்திருந்தேன். இங்கே வாதிட ஆள் வந்தால்தானே! சபையில் இருந்தால் வருமான வரித் தொகையில் 9 சதவீதம் கூடுதலாகச் சபைக்குப் போகிறதாமே, அதற்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் விசாரித்தார். 14 வயதில் மகளுக்கு நடந்த 'யூகெண்ட்வைஹே' விழாவின் படத்தைக் காட்டினார். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஆயர் (பிஷப்) வந்து நடத்தும் உறுதிபூசுதல் சடங்குக்குப் பதிலாக, கிழக்கு ஜெர்மனி தனி சோசலிச நாடாக இருந்த காலத்தில் வேரூன்றிய சடங்கு. புது உடுப்பு, மேடை, பேச்சு, பரிசு எல்லாம் உண்டு. ஆயர்தான் இல்லை.

முதல் ரோட்டுத் தேர்வில் தோற்றேன். 55 நிமிடத்தில் 40 வரை எல்லாம் சரி. ஒரு குடியிருப்புத் தெருவில் வலப்பக்கத்திலிருந்து சைக்கிள் வந்தது. நான் மிதிப்பதற்குள் ஆசிரியர் பக்கத்து பிரேக் 'டக்' என்று இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டாலே தேர்வு முடிந்த மாதிரி. பின்சீட்டில் இருந்த அதிகாரி பேனாவை மூடினார்.

இரண்டாம் தேர்வுக்கு முன் ஓர் அடக்கச் சடங்கு. பங்கு அலுவலகத்தில் கார் இல்லை. அன்றைய பாடத்தையே கல்லறைக்குப் போகும் வழியாக மாற்றிவிட்டார் ஆசிரியர். இறந்தவர் 1945க்குப் பிறகு, இன்று பெரும்பாலும் போலந்தில் இருக்கும் சிலேசியாவிலிருந்து துரத்தப்பட்டு, சிறுமியாக இங்கே வந்தவர். எங்கள் பங்குகளில் கிழவிகள் பாதிப்பேர் அப்படித்தான். பிள்ளைகள் யாருக்கும் திருமுழுக்கு இல்லை. "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று ஜெர்மனில் தொடங்கினேன். ஒரு குரலும் சேரவில்லை. ஊரில் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் போதும், கூட்டமே இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே கடைசிவரை நான் ஒருவனாகச் சொல்லி முடித்தேன். நடுவில் ஒரு வரி தடுக்கியது. ஆசிரியர் தள்ளி, வேலியோரம், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் வெகுநேரம் பேச்சில்லை. அப்புறம், "அது உங்கள் மொழியிலும் இருக்கிறதா?" என்றார். ஓட்டிக்கொண்டே தமிழில் சொன்னேன்.

"இதில் தடுக்கவே இல்லையே. காரையும் இப்படி ஓட்டுங்கள்."

இரண்டாம் முறை தேறினேன்.

டிசம்பர் 24 மாலை மட்டும் இந்த ஊர்களில் கோயில் நிறைந்துவிடும், எந்தச் சபையிலும் இல்லாதவர்களும் வருவார்கள். அந்த வருடம் கதவோரம் அவரும் மனைவியும் நின்றார்கள். பாடவில்லை. முடிந்ததும் வெளியே வந்து என் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கோட்டுக்குள்தான் நிறுத்தியிருக்கிறீர்கள்" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.